வாங்க வைத்தது வயதா, தலைமுறையா? ஜிமேட் ‘வீக்கன்’ கேள்விகளில் ஒரு வகை

எம்.பி.ஏ. போன்ற மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் வெர்பல் (மொழித்திறன்) பகுதியில் இப்போது 45 நிமிடத்துக்கு 23 கேள்விகள். வாக்கியத் திருத்தத்தை எடுத்துவிட்டதால் பத்தி வாசிப்பும், வாதங்களை அலசும் கிரிட்டிக்கல் ரீசனிங்கும்தான் மிச்சம். எனவே வாதத்தைப் பலவீனப்படுத்தச் சொல்லும் ‘வீக்கன்’ கேள்விகளைக் கண்டு ஒதுங்க வழியில்லை. அதில் ஒரு வகை: ‘இதுவரை இந்த வயதினர்தான் அதிகம் வாங்கினார்கள், இனி அந்த வயதினர் பெருகுவார்கள், ஆகவே விற்பனை கூடும்.’ கேட்கும்போது நியாயமாகவே படும். குன்னூரில் வீட்டிலிருந்தே படித்த எனக்கு இது பிடிபட்டது, நம்மூர்ச் சரக்கை வைத்து நானே கேள்வி எழுதிப் பார்த்தபோதுதான்.

இப்படி ஒன்று வைத்துக்கொள்வோம். மார்க்கெட்டில் மங்கி குல்லா வாங்குபவர்களில் பெரும்பாலோர் 60 வயதைத் தாண்டியவர்கள். பத்து ஆண்டுகளில் அந்த வயதினரின் எண்ணிக்கை கூடும். எனவே குல்லா விற்பனையும் கூடும்.

சரி, அவர்கள் ஏன் வாங்குகிறார்கள்? வயதானால் காதில் குளிர் தாங்காது என்பதால் என்றால் வாதம் நிற்கும்; நாளைக்கு 60 ஆகிறவருக்கும் காது குளிரும். சின்ன வயதிலிருந்தே போட்டுப் பழகியதால் என்றால் கதை வேறு. இன்று 50-இல் இருப்பவர் தொப்பி வைத்த ஜாக்கெட்டுக்குப் பழகியவர். 60 ஆனதும் குல்லா தேடிப் போவார் என்று என்ன நிச்சயம்? ஆப்ஷன்களில் ‘இப்போது வாங்கும் பெரியவர்கள் இளவயது முதலே குல்லா அணிந்தவர்கள், அவர்களுக்கு அடுத்த தலைமுறை அதை அணிவதில்லை’ என்ற பொருளில் ஒன்று இருந்தால் அதுதான் விடை.

மயக்கும் ஆப்ஷன்களில்தான் நேரம் போகும். ‘இளைஞர்கள் சிலரும் வாங்குகிறார்கள்’ என்பது வாதத்தைத் தொடவே இல்லை. ‘மொத்த மக்கள்தொகையில் 60 தாண்டியவர்களின் விகிதம் குறையும்’ என்பது இன்னும் பொல்லாதது. விகிதம் குறைந்தாலும் தலைகளின் எண்ணிக்கை கூடலாம், வாதம் பேசுவதும் எண்ணிக்கையைத்தான். விகிதமா எண்ணிக்கையா, விற்ற உருப்படியா வந்த பணமா என்பதை முடிவு வாக்கியத்தில் பார்த்துவிட்டே ஆப்ஷனுக்குப் போங்கள். அப்புறம், வாதத்தைப் பொய்யென்று நிரூபிக்கும் ஆப்ஷனைத் தேட வேண்டாம். முடிவின் மேலுள்ள நம்பிக்கை குறைந்தாலே போதும்.

வாங்கும் கூட்டமும் தேவையும் அப்படியே இருக்க, வாங்கும் பொருள் மட்டும் மாறிவிடுவது வாதம் பலவீனமாக இன்னொரு வழி. இதற்கு ஊட்டி இந்துநகரைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை அங்கே மூடிக் கிடக்கிறது. படம் எடுப்பவர்கள் குறையவில்லை, பல மடங்கு பெருகினார்கள். ஆனால் டிஜிட்டல் கேமராவும் போனும் வந்தபின் பிலிம் ரோல் யாருக்கு வேண்டும்? மக்கள்தொகையை மட்டும் வைத்துக் கணித்தவர் இதைக் கண்டிருக்கவே முடியாது. சூழ்நிலை மாறுவதும் இதே கணக்கு. 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைனில் வாங்கும் அனுமதி) கட்டாயமானது. அதற்கு முந்தைய சுற்றுலாப் பயணிகளின் வயதுக் கணக்கை வைத்து ஊட்டி சாக்லேட் விற்பனையைக் கணித்தால், அதே கூட்டம் இனியும் வருமா என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

பயிற்சியின்போது ஆப்ஷன்களைக் கையால் மறைத்துக்கொண்டு, ‘நேற்று வாங்க வைத்த காரணம் நாளையும் இருக்குமா?’ என்பதற்கு ஒரு வரி பதில் எழுதிப் பாருங்கள். பழகியபின் எழுத வேண்டாம், மனதில் ஓடினால் போதும். தேர்வில் ஒரு பகுதிக்கு மூன்று விடைகள் வரை திரும்பிப் போய் மாற்றலாம் என்பதால், விகிதம், எண்ணிக்கை என்று இழுக்கும் கேள்விக்கு ஒரு விடையைத் தேர்ந்து, அதைக் குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.