கணக்காளரைக் கடைசி வாரத்தில் தேடாதீர்கள்

தனியாகத் தொழில் செய்பவர்கள் பலர் வரித் தாக்கலுக்குக் கடைசி நாள் நெருங்கும்போதுதான் கணக்காளரைத் தேடுகிறார்கள், அந்த நேரத்தில் அவரால் படிவத்தை நிரப்பித் தருவதைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. தொழில் தொடங்கும்போதே ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். எந்தச் செலவை வருமானத்திலிருந்து கழிக்கலாம், வீட்டிலிருந்தே வேலை செய்தால் மின்கட்டணத்தில் எவ்வளவு தொழிலுக்குச் சேரும், புதுக் கணினியின் விலையை இந்த ஆண்டே முழுதாகச் செலவில் எழுதலாமா, இல்லை தேய்மானமாகப் பல ஆண்டுகளுக்குப் பிரிக்க வேண்டுமா என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்தால்தான் பயன்.

அப்புறம், தனி வங்கிக் கணக்கு. என்னைக் கேட்டால் கணக்கு எழுதும் மென்பொருளைவிட இதுதான் முக்கியம். தனியுரிமைத் தொழிலில், அதாவது ஒருவரே உரிமையாளராக நடத்தும் தொழிலில், சட்டத்தின் பார்வையில் நீங்களும் தொழிலும் ஒன்றுதான், கடனும் உங்கள் தலையில்தான், ஆனாலும் கணக்கு ஏடு தனியாக இருக்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு நீங்கள் எடுப்பது சம்பளம் அல்ல, எடுப்பு, அதாவது உரிமையாளர் தன் தொழிலிலிருந்து தனக்காக எடுக்கும் பணம். அதைச் செலவாகக் காட்டி லாபத்தைக் குறைக்க முடியாது.

சம்பளக்காரருக்கு வரியைப் பிடித்தம் செய்ய முதலாளி இருக்கிறார், உங்களுக்கு இல்லை. பணம் வந்த அன்றே வரிக்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள். ரசீதுகளையும் உடனே படமெடுத்து வையுங்கள், கடைகளில் ரசீது அச்சிடும் வெப்பத்தாளில் (thermal paper) அச்சான எழுத்து வெளிறிவிடும்.