ஏழாம் பெட்டுக்கு மேளம்

ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக இது எனக்குப் பதினோராவது வருஷம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிற சொந்தக்காரர்களுக்கு உள்ளே அமைதியாக இருப்பது போலத்தான் தெரியும். படுத்திருப்பவருக்கு அப்படி இல்லை. தலைமாட்டில் மானிட்டர், பக்கத்தில் வென்டிலேட்டர், மருந்து தீர்ந்துவிட்டது என்று கத்துகிற பம்ப், அடுத்த பெட்டில் சளி உறிஞ்சுகிற சத்தம், விடியற்காலை மூன்று மணிக்கு நாங்கள் இழுத்துக்கொண்டு போகிற ட்ராலி. நோயாளி அறையில் 30 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் வேலை பார்த்த எந்த ஐசியூவிலும் நடுராத்திரியில்கூட அப்படி ஓர் அமைதியைப் பார்த்ததில்லை.

இதில் தொண்டைக்குள் டியூப் வேறு. பேச முடியாது. டியூபை இழுத்துவிடக் கூடாதே என்று சிலருக்குக் கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டி வைத்திருப்போம். பயம் வராமல் என்ன செய்யும்?

போன வருஷம் ஏழாம் பெட்டில் ஓர் ஐயா இருந்தார். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருஷப் பீடி. மூச்சுக்குழாய் சுருங்கி நுரையீரல் கெடுகிற சிஓபிடி முற்றி, மேலே நிமோனியாவும் சேர்ந்து வென்டிலேட்டருக்கு வந்துவிட்டார். காய்ச்சல் இறங்கி ரத்தப் பரிசோதனை எல்லாம் தேறிய பிறகும் மெஷினிலிருந்து அவரை விடுவிக்க முடியவில்லை. மெஷின் தருகிற சப்போர்ட்டைக் கொஞ்சம் குறைத்தாலே கண் பெரிதாகிவிடும், மூச்சு நிமிஷத்துக்கு முப்பதைத் தாண்டிவிடும். இந்த நோயில் உள்ளே போன காற்று வெளியே வர நேரம் பிடிக்கும். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் பழைய காற்று வெளியேறுவதற்குள் புதுக் காற்று ஏறி, நெஞ்சு ஊதிப்போய், மூச்சு இன்னும் முட்டும். முட்ட முட்ட பயம் கூடும். அலாரம் அடிக்கும், அதைக் கேட்டு இன்னும் பயப்படுவார். கடைசியில் மிடஸோலம் என்ற மயக்க மருந்தைக் கொடுத்துத் தூங்க வைப்போம். அன்றைய வீனிங், அதாவது மெஷினிலிருந்து மெல்ல விடுவிக்கிற முயற்சி, அதோடு போச்சு. அந்த மருந்து கூடக் கூட, விழிக்கும்போது குழப்பமும் கூடும், மெஷினில் கிடக்கும் நாளும் கூடும்.

அவர் மனைவி விசிட்டிங் டைமில் போனில் பக்திப் பாட்டு போட்டுக் காதருகே பிடித்தார். ஐயா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். அம்மா நல்லதுதானே என்று விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் கையை அவிழ்த்துவிட்டு, அட்டையில் பேப்பரைச் செருகிப் பேனாவைக் கொடுத்தேன். எழுத்து கோணல்மாணலாக, வரிக்கு மேல் வரி ஏறிக்கிடந்தது. மூன்று தடவை எழுதிய பிறகுதான் எனக்குப் புரிந்தது: "மேளம்."

அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "எங்க ஊர்த் திருவிழாவுல சாமி பொறப்பாட்டுக்கு ராத்திரி முழுக்க மேளத்துக்குப் பின்னாடியேதான் போவாரு சிஸ்டர்" என்றார்.

ஐசியூவில் தவிலா என்று எனக்கே தயக்கம்தான். பதற்றத்துக்கு மெதுவான தாளம், நிமிஷத்துக்கு 60லிருந்து 80 தட்டு, மென்மையான இசை என்றுதான் படித்திருந்தேன். டியூட்டி டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தவில் அதிகம் வராத நாதஸ்வர ஆலாபனையாக ஒன்றைத் தேடி எடுத்தேன். ஹெட்போனை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, மெல்லிய உறை மாட்டி, சத்தத்தைக் குறைத்து வைத்தேன். வேண்டாம் என்றால் கையை உயர்த்துங்கள், எடுத்துவிடுகிறேன் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் வலது கை ஆள்காட்டி விரல் போர்வை மேல் தட்ட ஆரம்பித்தது. இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தால் மூச்சு 32லிருந்து 24, நாடித் துடிப்பு 118லிருந்து 104. அன்று மதியம் மிடஸோலம் தேவைப்படவில்லை.

ஒரே ஒரு ஆளை வைத்து நான் எதையும் நிரூபிக்க வரவில்லை. ஆனால் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதியில் 12 ஐசியூக்களில், வென்டிலேட்டரில் இருந்த 373 பேரிடம் லிண்டா ச்லான் என்ற செவிலிய ஆய்வாளரின் குழு நடத்திய ஆய்வு 2013ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவுக்குத் தங்களுக்குப் பிடித்த இசை, இன்னொரு பிரிவுக்கு வெளியில் இருக்கிற சத்தத்தைக் குறைக்கிற ஹெட்போன் மட்டும், மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இசைப் பிரிவில் பயிற்சி பெற்ற இசை சிகிச்சையாளர் ஒருவர் வந்து, உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுத் தொகுப்பைத் தயார் செய்தார். எப்போது கேட்பது, எவ்வளவு நேரம் கேட்பது என்பதெல்லாம் நோயாளியின் இஷ்டம். சராசரியாக நாளுக்கு 80 நிமிஷம் கேட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு இத்தனை என்று அளந்த பதற்றம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்களுக்கு 19.5 புள்ளி குறைவு. மயக்க மருந்து கொடுக்க வேண்டிய தடவைகளும் குறைந்தன. சும்மா ஹெட்போன் மாட்டியவர்களோடு ஒப்பிட்டால் பதற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த மெஷின் சத்தத்தை மறைப்பதே பாதி வைத்தியம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசுகிற காக்ரேன் அமைப்பின் 2014ம் வருஷத் தொகுப்பு 14 ஆய்வுகளில் 805 பேரைச் சேர்த்துப் பார்த்து, வென்டிலேட்டர் நோயாளிகளுக்கு இசை பதற்றத்தைக் குறைக்கலாம் என்கிறது.

எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது நோயாளியைக் கேட்டார்கள் பாருங்கள், அதுதான். இந்த நோய்க்கு இந்த ராகம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நல்ல எண்ணத்தில்தான் கூரையில் ஸ்பீக்கர் மாட்டி, காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே புல்லாங்குழல் இசையை ஓட விட்டார்கள். மூன்றாவது நாள் ஒரு பாட்டி, கையில் ஐவி லைனோடு, தலையணையின் இரண்டு ஓரத்தையும் மடித்துக் காதில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தார். நிறுத்தச் சொல்ல அவருக்கு வழியே இல்லை. நிறுத்தச் சொல்லி மேலிடத்துக்கு நான் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை. ஏற்கெனவே இருக்கிற சத்தத்தோடு இன்னொரு சத்தம், அவ்வளவுதான். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒருவர் தவிக்கிறார் என்றால் முதலில் பாட்டைத் தேடக் கூடாது. டியூப் நகர்ந்திருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, ஆக்சிஜன் இறங்குகிறதா, வலியா, யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அதே ஐயா இரண்டு நாள் கழித்து மறுபடி தவித்தார், ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். கெட்டியான சளி. சக்‌ஷன் போட்டு எடுத்ததும் அடங்கினார். அங்கே நாதஸ்வரத்துக்கு வேலையே இல்லை.

அவர் ஒன்பதாவது நாள் வென்டிலேட்டரிலிருந்து வெளியே வந்தார். ஆன்டிபயாடிக், பிசியோதெரபி, ராத்திரி பகல் பார்க்காத டாக்டர்கள் எல்லாம் சேர்ந்துதான் காரணம். மேளமும் அதில் ஓர் ஓரமாக இருந்தது என்று நம்புகிறேன்.

அப்புறம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. அட்மிஷன் போடும்போது அலர்ஜி உண்டா, சுகர் மாத்திரை என்ன என்று கேட்கிறதோடு, "வேலை செய்யும்போது, தூங்கப் போகும்போது என்ன கேட்பார்?" என்றும் சொந்தக்காரர்களைக் கேட்டு என் டைரியில் குறித்துக்கொள்கிறேன். காது கேட்கும் மெஷின் உண்டா என்பதையும் சேர்த்து. ஒருவருக்கு எண்பதுகளின் சினிமாப் பாட்டு. ஒருவருக்கு ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரல் போதும், பாட்டே வேண்டாம். போன வாரம் இரண்டாம் பெட்டுக்கு வந்த டீச்சரம்மாவின் மகள் யோசித்துவிட்டு, "அம்மாவுக்கு வீட்டில் டிவி சத்தம்கூடப் பிடிக்காது சிஸ்டர், ஒன்றும் இல்லாமல் இருந்தால்தான் நிம்மதி" என்றார். அவருக்கு ராத்திரி காதில் அடைக்கிற பஞ்சு வைத்துவிட்டேன், வேண்டுமா என்று கேட்டு, அவர் தலையை ஆட்டிய பிறகு. பத்தரைக்குத் தூங்கியவர் நாலு மணிக்கு நான் பிபி பார்க்கப் போகிற வரை எழுந்திருக்கவில்லை.