தலைமகனுக்கு ஒரு பாட்டு

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தும் ஹெட்போனைக் கழற்ற மனம் வரவில்லை. அமெரிக்கப் பாடகி லாரின் ஹில் தன் தலைமகன் ஸயனுக்காகப் பாடிய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் பாடிய ஃபியூஜீஸ் என்ற ஹிப் ஹாப் குழுவின் புகழ் உச்சியில் இருந்த நேரம். வயிற்றில் பிள்ளை. தொழிலைப் பார், புத்தியோடு நடந்துகொள் என்றார்கள் சுற்றியிருந்தவர்கள்.

அவர் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார். அதை அப்படியே பாட்டிலும் வைத்தார். கூடவே கிட்டார் கலைஞர் கார்லோஸ் சான்டானாவின் கிட்டார். கடைசியில் மகன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அந்தக் குரலில் எத்தனை பூரிப்பு!

இந்தப் பாட்டு இடம்பெற்ற 1998 ஆல்பத்துக்குத்தான் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற கிராமி விருது கிடைத்தது. ஹிப் ஹாப்புக்கு அது முதல் முறை.

அதன் பிறகு தனி ஸ்டூடியோ ஆல்பம் எதுவும் அவரிடமிருந்து வரவில்லை. திறமையை வீணாக்கிவிட்டார் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ராப்பும் ஸோல் இசையும் ஒரே தொண்டையில் இவ்வளவு இயல்பாகக் குடியிருந்து நான் கேட்டதில்லை. அவரிடம் போய்க் கணக்குக் கேட்க எனக்கு வாய் வராது.