ஒரு வினாடியில் போன பதக்கம்

ஜப்பானின் சக்கர நாற்காலிப் பந்தய வீராங்கனை வகாகோ ட்சுசிடாவைப் பற்றி இங்கே யாரும் அதிகம் பேசிப் பார்த்ததில்லை. டோக்கியோக்காரர். பள்ளியில் படிக்கும்போது நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான்.

1998 நாகானோ குளிர்கால பாராலிம்பிக்கில் (மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்) பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில் இரண்டு தங்கம் வாங்கினார். அதோடு அந்த விளையாட்டையே பாராலிம்பிக்கிலிருந்து தூக்கிவிட்டார்கள்! சரி என்று சக்கர நாற்காலித் தடகளத்துக்கு வந்து, 2004 ஏதென்ஸில் 5000 மீட்டரில் தங்கம், மாரத்தானில் வெள்ளி. கோடை, குளிர் இரண்டிலும் தங்கம் வென்ற முதல் ஜப்பானியர் இவர்தான். 2007 முதல் 2011 வரை பாஸ்டன் மாரத்தானின் பெண்கள் சக்கர நாற்காலிப் பிரிவில் தொடர்ந்து ஐந்து முறை முதலிடம்.

நடுவில் 2008 பெய்ஜிங். 5000 மீட்டரில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிய விபத்து. காயம்பட்டு, மாரத்தானில் இறங்கவே முடியவில்லை.

எனக்கு ஆறவே ஆறாதது 2016 ரியோ மாரத்தான். 42 கிலோமீட்டரைக் கையாலேயே தள்ளி வந்து நான்காம் இடம். தங்கம் வென்றவருக்கும் இவருக்கும் ஒரே ஒரு வினாடி வித்தியாசம். அப்போது வயது 41. வேறு யாராக இருந்தாலும் நாற்காலியை மூலையில் போட்டிருப்பார்கள்.

இவரோ ஆஸ்துமாவுக்காக நீச்சல் பழகப் போய், அப்படியே டிரையத்லானிலும் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) இறங்கிவிட்டார். டோக்கியோ பாராலிம்பிக்கில் டிரையத்லான், மாரத்தான் இரண்டிலும் போட்டியிட்டார். மாரத்தானில் மறுபடியும் நான்காம் இடம், அதுவும் சொந்த ஊரில்! அப்புறம் 49 வயதில் பாரிஸ் பாராலிம்பிக் மாரத்தானுக்கும் போனார்.