பழைய கணினியிலிருந்து எதை எடுத்துவந்தேன், எதை விட்டுவந்தேன்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத என் பழைய கணினியில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்பதால் புதியது வாங்கினேன். பழைய வட்டை அப்படியே குளோன் செய்து தருவதாகக் கடைக்காரர் சொன்னார்; நான் மறுத்துவிட்டேன். ஆய்வேடு தட்டச்சு செய்ய வருபவர்களின் பென்டிரைவ்கள் மாறி மாறிச் செருகப்பட்ட கணினி அது. குளோன் செய்தால் அதன் நோய்களும் கூடவே வந்துவிடும்.

முதலில் பழைய கணினியில், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை, அதாவது விண்டோஸ் வழக்கம்போல் இயங்காத நிலையில் நடக்கும் சோதனையை, ஓட்டினேன். பிறகு கோப்புகளின் பின்னொட்டுகளும் மறைக்கப்பட்ட கோப்புகளும் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளும் தெரியுமாறு அமைப்பை மாற்றியபோதுதான், ‘ஆய்வேடுகள்’ என்று இத்தனை நாள் நான் திறந்துவந்தது கோப்புறையே அல்ல, அதே பெயரில் வைரஸ் உருவாக்கி வைத்த இரண்டு கேபி ஷார்ட்கட் என்பதும், உண்மையான கோப்புறை சிஸ்டம் கோப்பு என்ற போர்வையில் அருகிலேயே மங்கலாகக் கிடந்தது என்பதும் தெரிந்தன. ஷார்ட்கட்டுகளை அழித்துவிட்டு, ஆவணங்களையும் படங்களையும் மட்டும் வெளி வட்டில் நகலெடுத்தேன். நிரல் கோப்புறைகளையும், எப்போதோ இறக்கி வைத்திருந்த செட்டப் கோப்புகளையும் தொடவில்லை. புதிய கணினியில் அந்த வட்டை மீண்டும் ஸ்கேன் செய்த பின்னரே திறந்தேன்.

மென்பொருள்களை அவற்றைத் தயாரித்தவர்களின் தளங்களிலிருந்தே புதிதாக இறக்கினேன். உலாவியில் கணக்கை ஒத்திசைத்தால் உலாவியில் முன்பு சேர்த்த துணை நிரல்களான பழைய நீட்சிகளும் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதால், புக்மார்க்குகளை மட்டும் தனிக் கோப்பாக எடுத்து ஏற்றினேன்.

இவ்வளவு எச்சரிக்கையிலும் எழுத்துருக்களை மறந்துவிட்டேன். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துருவான பாமினியில் அடித்த ஆவணத்தைத் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. பழைய கணினியின் ஃபாண்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியைக் கொண்டுவந்து நிறுவியதும் எழுத்துகள் திரும்பின. இன்னொரு முறை இந்த அவதி வேண்டாம் என்று ஆவணங்களை, தமிழுக்கெனத் தனிக் குறியீடுகள் கொண்ட யூனிகோடுக்கு மாற்றத் தொடங்கினேன். முதல் ஆய்வேட்டை மொத்தமாக மாற்றியபோது அதிலிருந்த ஆங்கில நூற்பெயர்களும் பொருளற்ற தமிழாகிவிட்டன. அதனால் இப்போது பத்தி பத்தியாக, ஆங்கிலத்தைத் தவிர்த்து, மாற்றி வருகிறேன்.