சந்தைக்கு நடுவே ஒரு கல்லறை

எருசலேமில், இயேசுவின் கல்லறை மேல் கட்டியதாகச் சொல்லும் பரிசுத்த கல்லறை ஆலயத்துக்கு முதன்முறையாகப் போகும் எவருக்கும், வேதத்தைக் கொஞ்சம் கவனித்து வாசித்தவராக இருந்தால், ஒரு நெருடல் வரும். பழைய நகரத்தின் குறுகலான சந்தைத் தெருக்களில் வளைந்து வளைந்து நடந்து, கடைகளுக்கு நடுவே திடீரென்று ஒரு சிறிய முற்றத்தில் போய் நிற்கிறோம். எதிரே ஆலயம். ஆனால் இயேசு "நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார்" என்றல்லவா எபிரெயர் நிருபம் சொல்கிறது? சிலுவையில் அறையப்பட்ட இடத்தில் ஒரு தோட்டமும், தோட்டத்தில் புதிய கல்லறையும் இருந்ததாக யோவான் எழுதுகிறார். இங்கே தோட்டமும் இல்லை, ஊருக்குப் புறம்பும் இல்லை. நாலாபக்கமும் மதில்.

என்னோடு வந்த குழுவிலும் இந்தக் கேள்வி எழுந்தது. வழிகாட்டி அதற்குச் சிரித்தார். தினமும் கேட்கிற கேள்வி போலிருக்கிறது. இன்று நாம் பார்க்கும் மதில் 16-ஆம் நூற்றாண்டில் சுல்தான் சுலைமான் கட்டியது. அதை அளவுகோலாக வைத்துப் பேசவே முடியாது. இயேசுவின் காலத்து மதில் இந்த இடத்தை உள்ளே சேர்க்காமல் வளைந்து போனது. சிலுவைப்பாடு நடந்து பத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, அப்போஸ்தலர் நடபடிகளில் யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றதாக வரும் ஏரோது அகிரிப்பா, வடக்கே புதிய மதில் ஒன்றைத் தொடங்கினான். அப்போதுதான் இந்த இடம் நகரத்துக்குள் வந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குச் சுவையான பகுதி. கி.பி. 135-க்குப் பின் ஹாட்ரியன் பேரரசன் எருசலேமையே ரோம நகரமாக மாற்றி, இந்த இடத்தில் மண் கொட்டி மேடாக்கி ஒரு கோயில் கட்டினான். அது வீனஸ் தேவதையின் கோயில் என்கிறார் சரித்திர ஆசிரியர் யூசேபியஸ். சுமார் 190 ஆண்டுகள் அது அப்படியே இருந்தது. 325-ஐ ஒட்டி ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் கல்லறை மேல் ஆலயம் எழுப்ப விரும்பியபோது, எருசலேம் ஆயர் மக்காரியுவும் அங்கிருந்த சபையாரும் காட்டிய இடம் இதுதான். நகரின் நடுவே, ஓங்கி நிற்கும் ஒரு கோயிலுக்கு அடியில்! கதை கட்ட வேண்டுமென்றால் மதிலுக்கு வெளியே ஒரு குன்றைக் காட்டியிருக்கலாம். செலவும் மிச்சம், வேதத்துக்கும் பொருந்தும். வேதத்தோடு மோதுவது போலத் தெரிகிற இடத்தை ஏன் காட்டினார்கள்? தலைமுறை தலைமுறையாக "இங்கேதான்" என்று சொல்லிவந்தது தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. கோயிலை இடித்து, மண்ணை அள்ளித் தோண்டியபோது கல்லறை ஒன்று கிடைத்தது. 335-இல் ஆலயம் பிரதிஷ்டையாயிற்று.

கான்ஸ்டன்டைனின் தாய் ராணி ஹெலெனா இங்கே இயேசுவின் மெய்யான சிலுவையைக் கண்டெடுத்த கதையைப் பலரும் உருக்கமாகச் சொல்வார்கள். அவரது பெயரில் கீழ்த்தளத்தில் ஒரு சிற்றாலயமும் இருக்கிறது. இறங்கும் வழியின் சுவர் முழுக்கச் சின்னச் சின்னச் சிலுவைகள் செதுக்கியிருக்கின்றன. ஆனால் கான்ஸ்டன்டைனைப் புகழ ஒரு வாய்ப்பையும் தவறவிடாத யூசேபியஸ், அந்தச் சிலுவையைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஹெலெனாவைச் சம்பந்தப்படுத்தி 395-இல் பேசுகிறார் மிலான் ஆயர் அம்புரோஸ். கதையை நான் மறுக்கவில்லை. கல்லறையைப் பற்றிய சாட்சியையும் இதையும் ஒரே தராசில் வைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பெரும்பாலான குழுக்கள் பார்க்காமலேயே போய்விடும் இடம் ஒன்று உண்டு. கல்லறை மண்டபத்துக்குப் பின்புறம், வட்டக் கூடத்தின் மேற்கு ஓரத்தில், சிரியா நாட்டுத் தொன்மைச் சபையாரின் சிற்றாலயம். சுவரெல்லாம் தீயில் கருகிப் பூச்சு உரிந்து கிடக்கும். யார் செப்பனிடுவது என்ற உரிமைப் பிரச்சினை தீராததால் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதன் பக்கச் சுவரில் தாழ்வான ஒரு திறப்பு. குனிந்து உள்ளே நுழைந்து கைபேசி வெளிச்சத்தைப் போட்டால், பாறையில் குடைந்த நீள நீளமான குழிகள் தெரியும், ஒவ்வொன்றும் ஓர் உடலை நீளவாக்கில் உள்ளே தள்ளும் அளவுக்கு. இவை முதலாம் நூற்றாண்டு யூதக் கல்லறைகள். இயேசுவின் உடலை அடக்கம்பண்ணிய அரிமத்தியா யோசேப்பும் நிக்கொதேமுவும் இங்கே அடக்கம்பண்ணப்பட்டதாக ஒரு மரபு சொல்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை, தேவையும் இல்லை. யூதர்கள் ஊருக்குள் பிணத்தைப் புதைக்க மாட்டார்கள். ஆகவே இந்தக் குழிகள் வெட்டப்பட்ட நாளில் நான் நின்ற இடம் மதிலுக்கு வெளியே இருந்திருக்கிறது. தங்க விளக்குகளும் தூபப்புகையும் நிறைந்த அந்த ஆலயத்தில், என்னை மண்டியிட வைத்தது அந்த இருட்டுப் பொந்துதான். நான் வளர்ந்தது சீர்திருத்தச் சபையில். விளக்கும் தூபமும் எனக்கு எளிதில் ஒட்டாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அங்கிருந்து கல்லறைக்கான வரிசையில் போய் நின்றேன். நீண்ட வரிசை. நான்கு சுவிசேஷங்களின் உயிர்த்தெழுதல் அதிகாரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்க நேரம் தாராளமாகக் கிடைத்தது. இப்படிச் சேர்த்து வாசிக்கும்போதுதான் முரண்கள் முகத்தில் அறைகின்றன. மாற்குவில் கல்லறைக்குப் போகிறவர்கள் மூன்று பெண்கள். மத்தேயுவில் இரண்டு மரியாள்கள். லூக்காவில் யோவன்னாளும் வேறு சிலரும் சேர்ந்துகொள்கிறார்கள். யோவானில் மகதலேனா மரியாள் மட்டும். உள்ளே இருந்தது ஒரு வாலிபனா, ஒரு தூதனா, இரண்டு பேரா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாற்குவின் மிகப் பழைய முழுச் சுவடிகளான சினாய்ச் சுவடியும் வத்திக்கான் சுவடியும் 16-ஆம் அதிகாரத்தை 8-ஆம் வசனத்திலேயே முடித்துவிடுகின்றன: பெண்கள் பயந்து ஓடி, "ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்."

இதைச் சரிசெய்ய ஆதிச்சபைக்கு வாய்ப்பு இல்லாமல் போகவில்லை. 170-ஐ ஒட்டி தாத்தியான் என்பவர் நான்கு சுவிசேஷங்களையும் பின்னி ஒரே நூலாக்கினார். சற்றுமுன் நான் நின்ற கருகிய சிற்றாலயத்துக்கு உரியவர்களின் முன்னோர்தான், சிரியா நாட்டுச் சபையார், அதைத் தலைமுறைகளாக ஆராதனையில் வாசித்தார்கள். ஆனால் 5-ஆம் நூற்றாண்டில் அந்தச் சபையே அதை ஒதுக்கிவிட்டு நான்கு தனித்தனிச் சுவிசேஷங்களுக்குத் திரும்பியது. வழவழப்பான ஒன்று கையில் இருந்தும் கரடுமுரடான நான்கை வைத்துக்கொண்டார்கள்.

பெண்கள் விஷயமும் அப்படியே. கொரிந்தியருக்கு 55 வாக்கில் எழுதிய பவுல், உயிர்த்த ஆண்டவரைக் கண்டவர்களின் பட்டியலைக் கேபாவில், அதாவது பேதுருவில், தொடங்குகிறார். ஒரு பெண்ணின் பெயர்கூட அதில் இல்லை. பெண்ணின் சாட்சியை அந்தக் காலத்தில் யார் மதித்தார்கள்? அப்போஸ்தலருக்கே அது "வீண்பேச்சாகத்" தோன்றியதாக லூக்கா ஒளிக்காமல் எழுதிவைக்கிறார். 2-ஆம் நூற்றாண்டில் செல்சுஸ் என்ற கிரேக்கச் சிந்தனையாளர், பித்துப்பிடித்த ஒரு பெண் கண்டதை நம்புகிறார்கள் என்று கிறிஸ்தவர்களைக் கேலி செய்தார். அப்படிக் கேலிக்கு இடம் கொடுக்கும் என்று தெரிந்தும் நான்கு பேருமே மகதலேனா மரியாளை விடவில்லை. ஊருக்கு நடுவே ஒரு கோயிலின் அடியைக் காட்டிய எருசலேம் சபையாருக்கும் இவர்களுக்கும் ஒரே குணம். சங்கடமான சாட்சியை இவர்கள் சங்கடமாகவே ஒப்படைக்கிறார்கள். என் நம்பிக்கை ஊன்றி நிற்பது அதில்தான்.

என் முறை வந்தது. தலை குனிந்து நுழையும் வாசல். முதலில் தூதனின் சிற்றறை, அதற்குள் இன்னும் சிறிய கல்லறை. மூன்று நான்கு பேருக்கு மேல் இடமில்லை. வலப்பக்கம் பளிங்குப் பலகை. 2016 அக்டோபரில் ஏதென்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக நிபுணர்கள் செப்பனிடும்போது அந்தப் பலகையை நகர்த்தினார்கள். அடியில் சிலுவை செதுக்கிய பழைய பலகை ஒன்று, அதற்கும் அடியில் இயற்கையான சுண்ணாம்புப் பாறை. பழைய பலகையை ஒட்டியிருந்த காரை 345 வாக்கைச் சேர்ந்தது என்று பரிசோதனையில் தெரிந்தது. 1009-இல் கலீபா அல்-ஹாக்கிமின் ஆட்கள் இந்தப் பாறையை வெட்டித் தகர்த்தார்கள். அதற்குப் பிறகும் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது. நான் ஒரு கர்த்தருடைய ஜெபம்கூட முடிக்கவில்லை, வெளியே நின்ற துறவி தட்டி அழைத்துவிட்டார்.

ஆலயத்தை ஆறு சபைகள் பங்குபோட்டிருக்கும் சண்டைக்கதைகளும், முகப்புச் சன்னலடியில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கும் ஏணியும், சாவியை இஸ்லாமியக் குடும்பங்கள் வைத்திருப்பதும் எங்கும் படிக்கக் கிடைக்கும். வெட்கப்பட வேண்டியவைதான். ஆனால் அதே சபைகள் சேர்ந்துதான் 2022-இல் தளக்கற்களைப் பெயர்க்கச் சம்மதித்தன. ரோமிலிருந்து வந்த தொல்லியலாளர்கள் அடியில் பழைய கல்குவாரியையும், பின்னாளில் அங்கே பயிரிட்ட மண்ணையும் கண்டார்கள். அந்த மண்ணில் ஒலிவ, திராட்சைத் தடயங்கள் இருப்பதாக 2025-இல் செய்தி வந்தது. யோவான் சொன்ன தோட்டம் இதுவா என்று அடித்துச் சொல்ல முடியாது. தோட்டத்துக்கு இடம் இருந்தது என்று சொல்லலாம்.

மறுநாள் தமஸ்கு வாசலுக்கு வெளியே உள்ள 'தோட்டக் கல்லறை'க்கும் போனோம். 1883-இல் ஆங்கிலேயத் தளபதி கோர்டன் பக்கத்துப் பாறையில் மண்டையோட்டின் முகத்தைக் கண்டு, வேதம் சொல்லும் "கபாலஸ்தலம்" இதுதான் என்று பிரபலமாக்கிய இடம். மரநிழல், அமைதி, பாட்டு, திருவிருந்து. எங்கள் குழுவில் பலரும் அங்கேதான் அழுதார்கள். வேதத்தை வாசிக்கையில் மனதில் எழும் படம் அப்படியே கண்முன் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லறை கிறிஸ்துவுக்கு ஏழெட்டு நூற்றாண்டுகளுக்கு முந்திய பாணியில் வெட்டப்பட்டது என்கிறார்கள் தொல்லியலாளர்கள். யோவான் சொன்ன "புதிய கல்லறை"யாக இருக்க வழியில்லை. ஜெபிக்க நல்ல இடம், அதில் சந்தேகமே இல்லை.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பெரிய ஆலயத்தை விடிவதற்கு முன்பே திறந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் வரிசை குறைவு. கல்லறையைப் பார்த்ததும் கிளம்பிவிடாமல் பின்பக்கம் சுற்றிப் போய்ச் சிரியா சபையாரின் சிற்றாலயத்தைக் கேளுங்கள். கையில் விளக்கு இருக்கட்டும், தலை பத்திரம்.