மாங்காய்ச் சொதி, மச்சான் பெயரில் கடை

கிருஷ்ணகிரியில் இடியாப்பம் என்றால் கூடவே தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் வர வேண்டும். கடை போட்ட புதிதில் நான் சொதி (இலங்கைப் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பு) ஊற்றிக் கொடுத்தேன். ஒரு பெரியவர் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்பா, பால்ல போய் உப்பும் பச்சமிளகாயும் போடுவாங்களா? சர்க்கர கொண்டா" என்றார். கொடுத்தேன். சொதியில் சர்க்கரை கலந்து சாப்பிட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

அம்மா இலங்கை மன்னார்க்காரர். அவர் வைப்பது கடல் மீன் சொதி. இங்கே கிடைப்பது கே.ஆர்.பி. அணை மீன். வறுவலுக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, சொதிக்கு மட்டும் ஒத்துவராது. ஐஸ் பெட்டியில் வரும் கடல் மீன் விலையை என் கடை தாங்காது. அதனால் மாங்காய்க்கு மாறினேன். சீசனில் இந்த மாவட்டத்தில் மாங்காய்க்கா பஞ்சம்? கூழ் ஆலைக்கு லோடு லோடாகப் போகும் பெங்களூராவில் (கிளிமூக்குதான்) கெட்டிக் காயாகப் பார்த்து எடுப்பேன். வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், வெந்தயத்தோடு இரண்டாம் பாலில் வேகவிட்டு, கடைசியில் தலைப்பால் ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். மாங்காய்ப் புளிப்பு இருப்பதால் எலுமிச்சை வேண்டாம். இதற்கு யாரும் சர்க்கரை கேட்பதில்லை.

அப்பாவும் அம்மாவும் 1990ல் படகேறி வந்தவர்கள். மண்டபத்தில் இறங்கி, அங்கிருந்து இந்தப் பக்கம் ஒரு அணை ஓரத்து அகதிகள் முகாமுக்கு. நான் 1992ல் இங்கேயே பிறந்தவன். ஆனால் 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. எனக்கு இருவருமே இலங்கை. முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாளில் போய் நிற்க வேண்டும், அன்றைக்குக் கடை தாமதமாகத்தான் திறக்கும்.

கடைக்கு முதலில் பார்த்த கட்டடத்தின் சொந்தக்காரர் முகாம் என்றதும் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடன் கேட்ட இடத்திலும் அதே முகம். கடைசியில் வாடகை ஒப்பந்தம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, கரண்ட் பில் எல்லாம் மச்சான் பெயரில். மனைவி காவேரிப்பட்டணத்துப் பெண், அவளுடைய தம்பி அவர். லாரி ஓட்டுகிறார். அதிகாரி யாராவது வந்து "ஓனர் யாருப்பா?" என்றால் போனைப் போட்டு, ஓசூரிலோ சேலத்திலோ இருக்கும் ஓனரைக் கூப்பிடுவேன்.

மச்சான் தங்கமான ஆள். கடைக்கு வந்தால் காசு கொடுத்துத்தான் சாப்பிடுவார். "ஓனரே பில் கட்டுறாரு" என்று பரோட்டா மாஸ்டர் கிண்டலடிப்பார்.

இப்போது அவருக்குப் பெண் பார்க்கிறார்கள். பெண் வீட்டில் யாரோ விசாரித்து, மாப்பிள்ளைக்கு மெயின் ரோட்டில் ஓட்டல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்களாம். அடுத்த ஞாயிறு கடையைப் பார்க்க வருகிறார்கள். அன்றைக்குக் கல்லாவில் யார் உட்காருவது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.